ஏலம் போகும் பொழுது

கண்டி நகரை விட்டு, தென்னக்கும்புரவில் மகாவலியைக் கடந்து, தெல்தெனிய வழியாக மகியங்கனைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பல்லேகல என்னும் ஊர் இருக்கின்றது. கிரிக்கெட் இரசிகர் அனைவரும் அறிந்த பெயர் அது. 2009 ஆம் ஆண்டில் அங்கு சர்வதேச விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. மாகாண நிருவாகத்தின் அலுவலகங்களும், முதலீட்டு வலயத்தின் தொழிற்சாலைகளும் அங்கே உள்ளன. கண்டி நகரின் நடுவே நூறாண்டுக்கு மேலாக நின்ற போகம்பறைச் சிறைச்சாலை 2014 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டபோது, கைதிகள் கொண்டுசெல்லப்பட்டதும் பல்லேகலவுக்கே. அதற்கு முன்பிருந்தே, சுற்றுமதில் இல்லாத திறந்த சிறை முகாம் ஒன்றும் அவ்வூரில் உண்டு.

மாலை வேளையில் அச்சாலையோரத்தில் பேருந்துக்குக் காத்துநிற்கும் இளைஞரைப் பார்த்தால், எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சியொன்றை அங்கும் காணலாம். தொழிற்சாலையில் வேலை முடித்த பெண், உயர்தரப் பரீட்சைக்கான தனியார் வகுப்பிலிருந்து திரும்பும் மாணவன், வேலை தேடி விண்ணப்பங்கள் எழுதிக் களைத்த பட்டதாரி ஆகிய எல்லோரும் குனிந்த தலையுடன் கைத்தொலைபேசியைப் பார்த்து நிற்கின்றனர். பெரியவர்கள் இதற்கு ஒரு தீர்ப்பு வைத்திருக்கின்றனர்: “இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனுக்கு அடிமையாகிவிட்டார்கள்.” ஆசிரியர் கூட்டங்களிலும், பெற்றோர் கூட்டங்களிலும், கோவில் மண்டபத்துச் சொற்பொழிவுகளிலும் இத்தீர்ப்பே திரும்பத் திரும்ப வாசிக்கப்படுகின்றது.

இத்தீர்ப்பில் உண்மை இல்லாமலில்லை. இரவுத் தூக்கம் கெட்டுக் காலையில் வகுப்பறையில் கண்ணயரும் பிள்ளையை அறியாத ஆசிரியர் இன்று எவருமிலர். ஆனால், விசாரணை நடைபெறுமுன்னரே வழங்கப்பட்ட தீர்ப்பு இது. அடிமை என்று ஒருவன் இருப்பானாயின், அவனை அடிமை கொண்டவர் எவர்? எந்த வழியால் அடிமை கொண்டனர்? அதனால் அவர்கள் அடையும் இலாபம் யாது? இம்மூன்று வினாக்களையும் கேளாது அடிமையைமட்டும் கண்டிப்பது வரலாற்றறிவு ஆகாது. நம்முடைய மலைநாட்டு வரலாற்றிலேயே இவ்வினாக்களை முன்னொருமுறை கேட்க நேர்ந்தது. அங்கிருந்து தொடங்குவது நன்று.

தவறணையின் ஏலம்

பல்லேகல அமைந்திருக்கும் தும்பறைப் பள்ளத்தாக்கு, பிரித்தானியர் ஆட்சியில் பெருந்தோட்ட முதல் புகுந்த பழைய நிலங்களில் ஒன்று. ஜமெய்க்காவின் அடிமைத் தோட்டங்களில் வேளாண்மை பயின்ற டைட்லர் என்ற துரை, அங்கு கற்ற கோப்பிச் செய்கை முறையை 1837 அளவில் இலங்கைக்குக் கொண்டுவந்தார். காடு அழிந்தது, கோப்பி எழுந்தது. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியபின், தும்பறையில் கொக்கோவும் உயர்மலைகளில் தேயிலையும் அதன் இடத்தைப் பிடித்தன. இத்தோட்டங்களின் வேலைக்காகவே தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டனர்.

தோட்டம் வந்த இடமெல்லாம் சாராயத் தவறணையும் வந்தது. அது தற்செயலாக நேர்ந்ததன்று. சாராயம் விற்கும் உரிமையை அன்றைய அரசு பிரதேசந்தோறும் ஏலத்தில் விட்டது. எவன் மிகுதியான தொகை கேட்டானோ அவனுக்கே அப்பிரதேசத்தின் குத்தகை. ஏலத்தொகை அரசின் கருவூலத்துக்குச் சென்று அதன் முக்கிய வருவாய்களில் ஒன்றாயிற்று. கொடுத்த தொகையை மீட்டு அதற்கு மேலும் இலாபம் காண்பதற்குக் குத்தகைக்காரனுக்கு ஒரே வழிதான் இருந்தது: இன்னும் அதிகமானோர், இன்னும் அதிகமாகக் குடிக்க வேண்டும். இலங்கையின் உள்நாட்டு முதலாளி வகுப்பு தன் முதலைத் திரட்டிய பெருவழிகளில் சாராயக் குத்தகை தலையாயது என்பதைக் குமாரி ஜெயவர்த்தன 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது ஆய்வு நூலில் விரிவாக நிறுவியிருக்கின்றார். தவறணைக் காசு பின்னர் தோட்டமாயிற்று, மாளிகையாயிற்று, பட்டமும் பதவியுமாயிற்று.

ஆனால் அக்காலத்துத் துரைமாரின் பேச்சிலும் பிரசங்கிகளின் பேச்சிலும், குடி என்பது தொழிலாளியின் குணக்கேடாகவே காட்சியளித்தது. பன்னிரண்டடி அறையில் குடும்பம் முழுவதும் முடங்கிக்கிடந்த வாழ்க்கையை எவரும் காரணமாகச் சொல்லவில்லை. பொழுதுபோக்க வேறிடம் இன்மை காரணமாகவில்லை. ஏலம் காரணமாகவே இல்லை.

இதனோடு இன்னொரு கட்டும் இருந்தது. கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ அவனைத் தோட்டத்தோடு பிணைத்தது. புறப்படும்போது இலவசமாகக் கிடைத்தது போலத் தோன்றிய பணம், சேர்ந்தபின் விலங்காயிற்று. நீண்டகாலப் போராட்டத்துக்கும் விமரிசனத்துக்கும் பின்னரே 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ள மாணவர்க்கு இங்கு ஒரு செய்தி பயன்படும். பழக்கத்துக்கு அடிமையாதலைக் குறிக்கும் ‘அடிக்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. பண்டை உரோமச் சட்டத்தில், கடனைத் தீர்க்க முடியாமல் நீதிபதியின் ஆணைப்படி கடன்கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்ட மனிதனே ‘அடிக்டஸ்’. அச்சொல் பிறந்தபோது அதில் மனநோய் இல்லை. கடனும், கடன்கொடுத்தவனும், அவனுக்குத் துணைநின்ற சட்டமும் இருந்தன. காலப்போக்கில் கடன்கொடுத்தவன் சொல்லிலிருந்து நழுவிவிட, அடிமை மட்டும் அதில் எஞ்சினான்.

நோய்க்குப் பெயர் வைத்த கதை

இணையத்துக்கு அடிமையாதல் என்ற கருத்து மருத்துவ உலகில் நுழைந்த விதம் வேடிக்கையானது. 1995 இல் நியூயோர்க் நகரின் உளமருத்துவர் ஐவன் கோல்ட்பேர்க், தம் துறையினர் எல்லாவற்றையும் நோயாக்குவதைக் கேலி செய்வதற்காகவே அத்தகைய நோயொன்றுக்கு இலக்கணம் வகுத்தார். கேலி மெய்யாயிற்று. அடுத்த ஆண்டிலேயே கிம்பர்லி யங் என்ற உளவியலாளர், சூதாட்ட வெறிக்கு வகுக்கப்பட்டிருந்த அளவுகோலைத் திருத்தி இணையப் பழக்கத்துக்குப் பொருத்தினார். 1998 இல் அவர் வெளியிட்ட இருபது வினாக்களைக் கொண்ட பட்டியல் உலகின் பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு இன்றுவரை பயன்படுகின்றது. 2013 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு, இணைய விளையாட்டுக் கோளாற்றை மேலும் ஆராயத்தக்கது என்ற பகுதியில் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று, 2022 தொடக்கம் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப்பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றது. பொதுவான இணைய அடிமைத்தனம் என்பதைத் தனி நோயாக அந்நிறுவனமும் ஏற்கவில்லை. ஆகவே, நீண்ட நேரம் பார்க்கும் ஒவ்வொரு பிள்ளையையும் நோயாளி என்று ஆசிரியர் முத்திரை குத்துவது விஞ்ஞானத்துக்கு உடன்பாடன்று.

எனினும், பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள் இப்பழக்கத்தோடு சேர்ந்து காணப்படும் நிலைமைகளை ஏறக்குறைய ஒரேவிதமாகவே எடுத்துரைக்கின்றன. தனிமை, மனச்சோர்வு, பதற்றம், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத இயல்பு, வீட்டில் ஓயாத சச்சரவு, தூக்கக் குறைவு, நண்பரிடையே ஒதுக்கப்படுதல் ஆகியவை அவை. இவற்றுள் எது காரணம், எது விளைவு என்பதை அவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை தீர்மானிக்கவில்லை. சோர்வடைந்தவன் தொலைபேசியை நாடுகின்றானா, தொலைபேசியை நாடியவன் சோர்வடைகின்றானா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகின்றது.

சூழலின் வலிமையை உணர்த்த வேறொரு துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். வியட்நாம் மக்கள்மீது ஏவப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுள் ஏராளமானோர் அங்கு ஹெரோயினுக்கு ஆட்பட்டனர். 1971 செப்ரெம்பரில் நாடு திரும்பியவர்களை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து அவதானித்தார். வியட்நாமில் இருந்தபோது ஏறக்குறைய ஐவரில் ஒருவர் அதற்கு அடிமையாயிருந்தனர். வீடு திரும்பிய பின்னரோ அவர்களுள் மிகச் சிலரே மீண்டும் அந்நிலைக்கு வீழ்ந்தனர். கொடியது என்று எல்லோரும் அஞ்சும் போதைப்பொருளின் பிடிகூட, அநீதியான போரின் சூழல் நீங்கியதும் பெரும்பாலோரிடம் தளர்ந்தது. பொருளின் தன்மை ஒரு பாதி. மனிதன் நிற்கும் இடம் மறுபாதி.

அவ்விரண்டு பாதியையும் நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதிய குத்தகை

ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைகளின் பொழுதுபோக்கைக் கண்டு அஞ்சியே வந்திருக்கின்றது. நாவல் படிக்கும் பெண் கெட்டுவிடுவாள் என்றனர். சினிமாக் கொட்டகை இளைஞரின் புதைகுழி என்றனர். கொழும்பில் 1925 இல் வானொலி ஒலித்தது. 1982 இல் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அவ்வப்போது அதே அச்சம் எழுந்து அடங்கியது. ஆதலால், இன்றைய அச்சமும் அத்தகையதே என்று சிலர் தள்ளிவிடுவர். அவர்கள் ஒரு வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். சினிமாத் திரை தன்னைப் பார்ப்பவனைப் பார்ப்பதில்லை. கைத்தொலைபேசித் திரையோ, தன்னைப் பார்ப்பவனை ஓயாமல் பார்க்கின்றது. எந்தப் படத்தில் அவன் விரல் நின்றது, எத்தனை நொடி நின்றது, எந்த நள்ளிரவில் அவன் திரும்பி வந்தான் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு, அடுத்து அவன்முன் எதை வைத்தால் அவன் எழுந்துபோகமாட்டான் என்பதை அது தேர்கின்றது.

இது ஏன்? இதற்கு விடை பொருளாதாரத்திலே கிடைக்கின்றது. இச்சேவைகளிற் பெரும்பாலானவற்றுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. காசு கொடுப்பவர் விளம்பரக்காரர். ஒரு மாணவன் தன் பக்கத்தைத் திறக்கும் கணத்தில், அவன் கண்முன் நிற்கும் சிறு இடத்துக்காக ஓர் ஏலம் நடைபெறுகின்றது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கணினிகள் விலை கேட்கின்றன. வென்றவரின் விளம்பரம் தோன்றுகின்றது. விற்கப்படும் பண்டம் அவனுடைய பொழுது. சாராயக் குத்தகைக்காரன் இன்னும் ஒரு கோப்பை குடிக்கச் செய்யவேண்டியிருந்ததுபோல, இந்நிறுவனங்கள் இன்னும் ஒரு நிமிடம் பார்க்கச் செய்யவேண்டியிருக்கின்றது. இது அந்நிறுவனங்களை நடத்துவோரின் தனிப்பட்ட குணக்கேட்டால் விளைவதன்று. அவர்கள் புகுந்துள்ள வாணிபத்தின் விதி.

இவ்விதியை நிறைவேற்ற விஞ்ஞானமும் பயன்படுத்தப்பட்டது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957 இல் பெர்ஸ்ரருடன் சேர்ந்து வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை விளக்கினார். கூண்டிலுள்ள புறாவுக்கு ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் கிடைப்பதைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே கிடைத்தால் அது ஓயாமல் கொத்திக்கொண்டேயிருக்கும். சூதாட்டப் பொறியின் இரகசியமும் இதுவே. பக்கத்தைக் கீழே இழுத்துப் புதிதாக ஏதும் வந்திருக்கின்றதா என்று பார்க்கும் விரலின் கதையும் இதுவே. 2006 இல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் நீளும் பக்கத்தை ஆக்கினார். பின்னர் அதற்காக அவரே வருந்தினார். 2009 இல் முகநூலில் ‘விருப்பம்’ தெரிவிக்கும் பொத்தான் வந்தது. அந்நிறுவனத்தின் முதல் தலைவராயிருந்த ஷோன் பார்க்கர், பயனரின் நேரத்தையும் கவனத்தையும் இயன்ற அளவு எவ்வாறு விழுங்குவது என்பதே தம் தொடக்ககாலச் சிந்தனையாயிருந்தது என்று 2017 நவம்பரில் வெளிப்படையாகவே கூறினார்.

பதினாறு வயதுப் பிள்ளையின் மனவுறுதியை ஒரு தட்டிலும், இத்தனை பொறியியலாளரின் உழைப்பை மறுதட்டிலும் வைத்துவிட்டு, தராசு சாய்ந்ததற்குப் பிள்ளையைக் கண்டிப்பது நீதியாகுமா?

பல்லேகலவுக்கு அது வந்த வழி

இனி, மனிதன் நிற்கும் இடத்தைப் பார்ப்போம்.

இலங்கையில் இணையம் முதலிற் பல்கலைக்கழகங்களின் கல்விக் கருவியாகவே வந்தது. 1995 இல் வணிக இணையச் சேவை தொடங்கியது. 2000களின் நடுப்பகுதியில் ‘நெணசல’ என்ற பெயரில் ஊர்தோறும் கணினி நிலையங்களை அரசு அமைத்தது. மக்கள் ஒன்றாகக் கூடிக் கற்கும் பொது இடமாக இணையம் இருக்கும் என்ற நம்பிக்கை அத்திட்டத்தில் இருந்தது. ஆனால் 2006 இல் மூன்றாம் தலைமுறை அலைவரிசையும், 2013 இல் நான்காம் தலைமுறையும் வந்தபின், இணையம் பொது மண்டபத்தை விட்டுத் தனிமனிதனின் சட்டைப்பைக்குள் புகுந்தது. தொலைபேசி நிறுவனங்கள் முகநூலுக்கு ஒரு பொதி, காணொளிக்கு ஒரு பொதி என மலிவு விலையில் விற்றன. நூலகமும் கலைக்களஞ்சியமும் அடங்கிய பரந்த இணையத்துக்கு ஒரு விலை, பொழுதை விழுங்கும் பகுதிக்கு அதனிலும் குறைந்த விலை. ஏழை வீட்டுப் பிள்ளை எதன் வாயிலில் போய் நிற்கும் என்பதை இவ்விலைப்பட்டியலே முடிவுசெய்துவிட்டது.

இதே காலத்தில் இளைஞரின் மற்ற இடங்கள் யாவை ஆயின? நமது தோட்டங்களிலும் ஊர்களிலும் வாசிகசாலை, சனசமூக நிலையம், தொழிற்சங்கக் கிளை, நாடக மன்றம், கால்பந்துக் கழகம் என்பன இளைஞரை ஒன்றுகூட்டிய காலம் ஒன்று இருந்தது. இன்று அவற்றுட் பல பூட்டிக்கிடக்கின்றன. 1945 இல் கன்னங்கரா பெற்றுத்தந்த இலவசக் கல்வி சட்டத்தில் இருக்கின்றது. ஆயினும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தொடங்கிப் பல்கலைக்கழக அனுமதிவரை, பிள்ளையின் மாலையும் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கட்டண வகுப்புகளுக்குச் சென்றுவிட்டன. பல்லேகலவில் உலகத்தரமான விளையாட்டரங்கு உண்டு. அருகிலுள்ள தோட்டத்துச் சிறுவன் மாலையில் பந்தடிக்க அது திறந்திருப்பதில்லை. பரீட்சைக்கும் பரீட்சைக்கும் இடையே பிள்ளைக்கு எஞ்சும் சிறு இடைவேளையில், நடந்துசெல்லாமல், காசு சேர்க்காமல், எவரிடமும் அனுமதி கேளாமல் அவன் நுழையக்கூடிய இடம் கைத்தொலைபேசி ஒன்றுதான்.

இந்நிலையில் 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன, விட்டுவிட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கற்பித்தல் இணையத்தை நம்பி நடைபெற்றது. பாடசாலைக்குத் தொலைபேசி கொண்டுவராதே என்று நேற்றுவரை கண்டித்த நாமே, தொலைபேசி இல்லாத பிள்ளைக்குப் பாடம் இல்லை என்று சொல்ல நேர்ந்தது. இதே சாலை செல்லும் மகியங்கனைப் பக்கத்துச் சிற்றூர்களில், அலை கிடைக்கும் இடம் தேடி மாணவரும் ஆசிரியரும் மலையேறிய படங்களை 2021 இல் உலகம் பார்த்தது. லயத்து அறையில் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டனர். தந்தை வேலைக்கு அதை எடுத்துச் சென்றால் அன்று எவருக்கும் பாடமில்லை. பல குடும்பங்கள் கடன்பட்டுத் தொலைபேசி வாங்கின. அவ்வாண்டு ஜூலையில், சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரிய ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, அக்கற்பித்தலின் செலவை இதுவரை ஆசிரியரும் பெற்றோருமே சுமந்தனர் என்ற உண்மையும் வெளிச்சத்துக்கு வந்தது. பாடசாலைகள் மீண்டும் திறந்தன; கடனும் தொலைபேசியும் வீட்டில் தங்கிவிட்டன. ஓராண்டு முழுவதும் பாடத்துக்காகத் திறக்கப் பழக்கிய கருவியை, மறுநாளே மூடிவைக்கச் சொன்னோம். பிள்ளை மூடவில்லை என்பதில் வியப்பென்ன?

2018 மார்ச்சு

பொழுதை ஏலம் விடும் வாணிபம் ஒரு பிள்ளையின் தூக்கத்தைக் கெடுப்பதோடு நிற்குமாயின், அதனைக் குடும்பத்தின் துயரம் என்று விட்டுவிடலாம். பல்லேகலப் பகுதி மக்கள் அதன் வேறொரு முகத்தையும் கண்டனர்.

2017 அக்டோபரில் முகநூல் நிறுவனம் ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனை தொடங்கியது. செய்தி நிறுவனங்களின் பதிவுகளைப் பயனரின் முதற்பக்கத்திலிருந்து எடுத்து வேறு மூலையில் வைத்து, மக்கள் என்ன செய்கின்றனர் என்று பார்ப்பதே அதன் நோக்கம். அந்த ஆறு நாடுகளுள் பொலிவியா, கம்போடியா ஆகியவற்றோடு இலங்கையும் ஒன்று. நம்மை எவரும் கேட்கவில்லை. 2018 மார்ச் 1 ஆம் நாள் பரிசோதனை கைவிடப்பட்டது.

அதற்கு ஒருசில நாள்களில், பல்லேகலவிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள திகனவும் தெல்தெனியவும் எரிந்தன. முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மருத்துவமனையில் இறந்ததைச் சாட்டாக வைத்து, முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் முஸ்லிம் இளைஞன் ஒருவன் உயிரிழந்தான். மார்ச் 6 இல் நாடெங்கும் அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் முகநூல், வாட்ஸ்அப் முதலியவை முடக்கப்பட்டன. முகநூல் மீளத் திறந்தது மார்ச் 15 ஆம் நாள்.

கலவரத்தைத் தொலைபேசி தோற்றுவித்தது என்று எவரும் கூறார். 1915 இல் கண்டியிலே முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் தொடங்கியபோது இணையம் இருக்கவில்லை. பேரினவாதமும், அதனை வளர்த்த அரசியலும், கடைத்தெருப் போட்டியும் பழையவை. ஆனால் வெறுப்பைப் பரப்பும் வேகமும் அதற்குக் கிடைத்த கூட்டமும் புதியவை. கவனத்தை அளந்து விற்கும் பொறிக்கு உண்மை எது, பொய் எது என்பது கணக்கில்லை. எது கண்ணை நிறுத்துகின்றது என்பதே கணக்கு. கோபம் கண்ணை நன்றாக நிறுத்தும். சிங்கள மொழியில் பரவிய வெறுப்புப் பதிவுகளைப் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 ஆம் ஆண்டிலேயே ஆய்வறிக்கை வெளியிட்டு எச்சரித்திருந்தது. அந்நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்ததோ 2020 மே மாதத்தில். எரிந்த வீட்டின் சாம்பல் அதற்குள் மழையில் கரைந்துவிட்டது.

இரவு முழுவதும் திரையைப் பார்க்கும் பிள்ளை, அயலானை எரிக்கக் கிளம்பிய கூட்டம் ஆகிய இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுதல் பெருந்தவறு. ஆயினும், இருவர் கையிலும் இருந்த பொறியை இயக்கிய இலாபக் கணக்கு ஒன்றே.

பொறியை உடைப்பதா?

அப்படியாயின் இணையத்தை விட்டொழிப்பதா? 2022 ஏப்ரிலில் மக்கள் எழுச்சி கிளம்பியபோது, ஆட்சியாளர் முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று சமூக ஊடகங்களை முடக்கியது. ஒரு நாள்கூட அத்தடை நிற்கவில்லை. காலிமுகத்திடலுக்கு மக்களை அழைத்த கருவிகளுள் கைத்தொலைபேசியும் ஒன்று. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் தோட்டத்திலுள்ள தாயின் முகத்தைப் பார்ப்பதும், நூலகமில்லாத ஊரின் மாணவி பௌதிகப் பாடத்தை மீண்டும் கேட்பதும் அதன் வழியேதான். பொறியின்மீது பகை கொள்வது நம் மரபன்று. அது எவர் கையில், எவர் நலனுக்காக இயங்குகின்றது என்று கேட்பதே நம் மரபு.

அரசுகள் பலவகையான தடைகளை முயன்றுவிட்டன. தென்கொரியா 2011 இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவுக்குப் பின் இணைய விளையாட்டுகளில் நுழையாதபடி சட்டம் செய்தது; 2022 இல் அதனைக் கைவிட்டது. சீனா 2021 இல் சிறுவரின் விளையாட்டை வாரத்துக்கு மூன்று மணிநேரமாகக் குறைத்தது. அவுஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2024 ஆம் ஆண்டு இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது பயனர் பேசும் பேச்சின்மீதே கண்வைத்தது; பேச்சுரிமைக்கு ஆபத்து என்று பத்திரிகையாளரும் உரிமை இயக்கங்களும் எதிர்த்தனர். பிள்ளையைப் பிடித்துவைக்கும் வடிவமைப்பை அது தொடவில்லை. ஏலக்காரனை விட்டுவிட்டுக் குடிகாரனைப் பிடிக்கும் பழைய வழக்கம் இங்கும் தொடர்கின்றது.

மதுவிலக்கு இயக்கத்தின் அனுபவம் இங்கு நமக்கு உதவும். 1904 இலும் 1912 ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் இலங்கையில் எழுந்த அவ்வியக்கத்தில் குறைகள் இருந்தன. தொழிலாளியின் கூலியைப் பற்றிப் பேசாது அவனுடைய ஒழுக்கத்தைப் பற்றியே பேசியோர் அதில் பலர். ஆயினும், குடிப்பவனுக்கு உபதேசம் செய்வதோடு நில்லாமல், தவறணை எங்கே திறப்பது என்பதை முடிவுசெய்யும் உரிமை எவருடையது என்று அது கேட்டபோது, அயலாட்சியின் கருவூலத்தையே அசைத்தது. பின்னர், ஊர்மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடும் வழியும் பிறந்தது. பழக்கம் தனிமனிதனுடையது, தவறணையோ ஊரின் பொது விவகாரம். இவ்வேறுபாட்டை ஊர் உணர்ந்த நாளே மாற்றத்தின் முதல் நாள்.

ஆசிரியத் தோழர்கள் செய்யத்தக்கது இதிலிருந்து தெளிவாகும். தொலைபேசியைப் பறிப்பதற்குமுன், அது எவ்வாறு இயங்குகின்றது, எவ்வாறு காசாகின்றது என்பதைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்போம். தான் ஏமாற்றப்படுவதை விரும்பும் இளைஞன் எவனுமில்லை. ஏலத்தின் இரகசியத்தை அறிந்த மாணவனுக்குத் தன் விரல்மீதே ஒரு சந்தேகம் பிறக்கும். அந்தச் சந்தேகம் நூறு கண்டனங்களைவிட வலியது. உண்மையிலேயே சோர்வுற்று, தனிமையுற்று, உண்ணாமல் உறங்காமல் வாடும் பிள்ளையை இனங்கண்டு, கண்டிக்காமல் மருத்துவ உதவிக்கு அனுப்புவோம். பூட்டிக்கிடக்கும் வாசிகசாலையின் சாவி எவரிடம் என்று விசாரிப்போம். மாலை நான்கு மணிக்குப் பாடசாலை மைதானத்தைத் திறந்துவைக்கும்படி கேட்போம். விளம்பரத்துக்காகச் சிறுவரைப் பின்தொடரலாகாது என்றும், முடிவில்லாப் பக்கத்தைச் சிறுவர்முன் விரிக்கலாகாது என்றும் சட்டம் செய்யுமாறு சங்கங்களின் வாயிலாகக் கோருவோம்.

பல்லேகலவின் திறந்த சிறை முகாமுக்கு மதில் இல்லை. ஆனால் அங்கிருப்பவர் எவரும் அதனை வீடென்று நினைப்பதில்லை; தண்டனை முடியும் நாள் அவருக்குத் தெரியும், காவலர் யார் என்பதும் தெரியும். சாலையோரம் தலைகுனிந்து நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் தெரியா. காவலரை அவர்களுக்கு அடையாளங் காட்டுவது நம் கடன். மதிலில்லாத இடத்தைவிட்டு வெளியேற அவர்களுக்கு வேண்டியது, வெளியே போய்ச் சேர ஓர் இடம். அந்த இடத்தை அமைப்பதும் நம் கடனே.